ஊரை விட்டுக் கிளம்பாத பீர்

வியட்நாமின் ஹனோய் நகர நடைபாதைகளில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டு ஒரு பீர் விற்கிறார்கள். பெயர் பியா ஹோய். பீப்பாயில் வந்து இறங்கும். அன்றைக்கே காலியாகிவிட வேண்டும். பாஸ்டுரைஸ் செய்யாத பீர் என்பதால் மறுநாளைக்கு அதை நம்பி வைக்க முடியாது. சாராயச் சத்து மூன்று, நான்கு சதவீதம்தான் இருக்கும். உலகத்தின் சிறந்த பீர் என்று யாரும் அதற்குப் பட்டம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வியட்நாமுக்குப் போகாமல் அதைக் குடிக்க வழியே இல்லை. பீரைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வைன் விஷயம் வேறு. நல்ல வைனைப் புட்டியில் அடைத்துப் பத்து வருஷம் கழித்து, இன்னொரு கண்டத்தில் திறந்தாலும் அது தன் ஊர்க் கதையைச் சொல்லும். பீருக்கு அந்த ஆயுள் இல்லை. வெளிச்சம், சூடு, ஆக்ஸிஜன் மூன்றும் அதற்குப் பகை. பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அந்தக் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு கந்தகச் சேர்மமாக மாறிவிடும். பீர் புட்டிகள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆக்ஸிஜன் சேர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். சூடு இந்தக் கெடுதலை எல்லாம் விரைவுபடுத்தும்.

அப்படியானால் 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, மாதக்கணக்கில் கடலில் உருண்டு இந்தியா வந்த பீர் எப்படித் தாங்கியது என்று கேட்கலாம். ஹாப்ஸை அள்ளிப் போட்டுக் காய்ச்சியதால் தாங்கியது. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய இந்தியா பேல் ஏல். வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் பெயரில் வரும் பீர்தான் பயணத்தில் மிக விரைவாகச் சோர்ந்து போகிறது. இப்போது அதை வாங்குவது ஹாப்ஸின் பழ வாசனைக்காக. அந்த வாசனை சில மாதங்களில் மங்கிவிடும்.

ஆக, கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் புட்டி அந்த ஊர் பீரின் புகைப்படம் மாதிரி. ஆளைப் பார்க்க வேண்டுமானால் போகத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே ‘காஸ்க் ஏல்’ என்ற பீர், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாய்க்குள் போகிறது. பப்பின் நிலவறையில் படுத்தபடி அங்கேயே தன் கடைசிக் கட்ட நொதித்தலை முடித்துக்கொள்கிறது. அதாவது ஆலை பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதி பப் நடத்துகிறவர் கையில். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை குளிராக இருக்க வேண்டும். பீரைக் கைப்பம்பால் இழுக்க இழுக்க பீப்பாய்க்குள் காற்று நுழையும். அதற்குப் பிறகு மூன்று நாள் தாங்கினால் பெரிது. கூட்டமில்லாத பப்பில் ஏழெட்டு பம்புகள் வரிசையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் எந்தப் பம்பை அதிகம் கேட்கிறார்கள் என்று பார்த்து அதையே கேட்பது நல்லது. ‘இங்கிலாந்து பீர் வெதுவெதுப்பாக இருக்கிறது’ என்ற புகாரும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது வெதுவெதுப்பு இல்லை, நிலவறைக் குளிர்ச்சி. ஐஸ் குளிரில் நாக்கு மரத்துப்போனால் அந்த பீரில் பாதி தெரியாது.

பீருக்கும் ஊருக்கும் உள்ள ஒட்டுறவைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முதலில் தண்ணீரைச் சொல்வார்கள். செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீர் மிகவும் மென்மையானது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும். டப்ளின் தண்ணீரின் காரத்தன்மைக்குக் கருக வறுத்த தானியம்தான் ஈடுகொடுக்கும். கறுப்பு பீர் அங்கே வேரூன்றியதற்கு அது ஒரு காரணம். இதெல்லாம் உண்மை. ஆனால் இன்று எந்த ஆலையும் தனக்கு வேண்டிய உப்பைச் சேர்த்தோ நீக்கியோ எந்த ஊர்த் தண்ணீரையும் உருவாக்கிக்கொள்ள முடியும். ஆலைச் சுற்றுலாவில் வழிகாட்டி ‘எங்கள் ஊர்த் தண்ணீரின் மகிமை’ என்று ஆரம்பித்தால் பாதி வரலாறு, பாதி வியாபாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். பில்சனையே பாருங்கள். தண்ணீர் அதேதான். ஆனாலும் 1838-இல் ஊர் பீர் அத்தனை மோசமாக இருந்ததால் 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டினார்கள். பிறகு பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் சேர்ந்து புது ஆலை கட்டி, ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் காய்ச்சிய முதல் பீர்தான், இன்று உலகம் முழுக்க ஓடும் பொன்னிற பில்ஸ்னர்களுக்கெல்லாம் மூத்தது. மென்மையான தண்ணீர், வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), பக்கத்துச் சாட்டெட்ஸ் பகுதியின் ஹாப்ஸ், குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் விஷயம்.

அந்த ஆலைக்கு இன்றும் போகலாம். மண்ணுக்கடியில் சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய நிலவறைகள் இருக்கின்றன. கடைசியில் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துக் கொடுப்பார்கள். பொதுவாகப் பெரிய ஆலைகளின் சுற்றுலா எனக்கு அலுப்புத்தான். பளபளக்கும் செம்புக் கொப்பரை, ஒரு வீடியோ, வெளியே வரும் வழியில் டி-சர்ட் கடை. ஆனால் இந்த ஒரு கிளாஸுக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

செக் நாட்டு பீர் கடைகளில் கவனிக்க வேண்டியவர் பீர் ஊற்றுகிறவர். ஒரே பீப்பாய், ஒரே குழாய். அவர் கை வாகில் மூன்று விதமாக வரும். மூன்று விரல் நுரையோடு வருவது ஹ்லடின்கா. நுரை பாதிக்கு மேல் நிற்பது ஷ்னிட். ஏறத்தாழ முழுக்க ஈரமான இனிப்பு நுரை மட்டும் என்றால் அது மிலீகோ. பால் என்று அர்த்தம். நுரையைப் பார்த்ததும் ‘ஏமாற்றுகிறான்’ என்று நினைக்கத் தோன்றும். நுரை அங்கே மூடி. காற்று பீரைத் தொடாமல் தடுப்பது அதன் வேலை. மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதில் ஒரு கோடு விழும். பழைய கடைகளில் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இதற்கு இன்னும் சுருக்கமான வழி வைத்திருக்கிறார்கள். அங்கத்தியக் கோல்ஷ் பீர் 0.2 லிட்டர் பிடிக்கும் ஒல்லியான கிளாஸில் வரும். பெரிய கிளாஸில் ஊற்றினால் குடித்து முடிப்பதற்குள் சப்பென்று ஆகிவிடும். ‘கோபெஸ்’ என்று அழைக்கப்படும் பரிமாறுகிறவர் வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். காலி கிளாஸைப் பார்த்தால் புதிதாக ஒன்றை வைத்து, கீழே இருக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவார். அந்த அட்டையை எடுத்துக் கிளாஸை மூடினால்தான் நிறுத்துவார். கோபெஸ்கள் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர்கள். சோடா கேட்டால் கேலி நிச்சயம். யார் பீருக்குக் கோல்ஷ் என்று பெயர் வைக்கலாம் என்று 1986-இல் ஆலைகள் சேர்ந்து ஒப்பந்தமே போட்டன. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டுசல்டோர்ஃபில் பழுப்பு நிற ஆல்ட் பீர். ஓர் ஊரில் உட்கார்ந்து மற்ற ஊர் பீரைக் கேட்பது, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து அவர்கள் பகையாளியைப் புகழ்வது போல.

இந்த வழக்கங்கள் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்ட வேஷம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சட்டமோ தட்பவெப்பமோ இருக்கும். மியூனிக்கின் பீர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பவேரியாவில் 1516 ஏப்ரல் 23 அன்று வந்த தூய்மைச் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது. (ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை.) பயணிக்கு அதைவிட உபயோகமானது 1539-இல் வந்த இன்னொரு விதி. அதன்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டும்தான் பீர் காய்ச்சலாம். கோடையில் காய்ச்சினால் பீர் கெடும். கொப்பரை அடுப்பால் ஊரில் தீப்பிடிக்கும் பயமும் இருந்தது. சரி, கோடையில் குடிப்பதற்கு என்ன செய்வது? மார்ச் மாதத்தில் கொஞ்சம் வலுவாகக் காய்ச்சி நிலவறையில் சேர்த்து வைத்தார்கள். மேர்ட்ஸன் என்ற பீர் வகையின் பெயர் மார்ச் மாதத்திலிருந்து வந்தது. நிலவறை குளிர்ந்திருக்க வேண்டுமே? மேலே கூழாங்கல் பரப்பி, செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அகலமான இலை நிழல் தரும். வேர் ஆழமாக இறங்கிக் கூரையைப் பிளக்காது.

நிழலும் கூழாங்கல்லும் காலடியில் குளிர்ந்த பீரும் இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் சத்திரம் நடத்தியவர்களுக்கு வியாபாரம் போயிற்று, புகார் எழுந்தது. 1812-இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசப் நடுவழி ஒன்று சொன்னார்: ஆலைக்காரர்கள் கோடையில் தங்கள் நிலவறையிலேயே பீர் விற்கலாம், ரொட்டி கொடுக்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது. அப்புறம் என்ன, வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பினார்கள். தடை போய் நெடுங்காலம் ஆகிவிட்டது, வழக்கம் போகவில்லை. இன்றும் பவேரிய பீர் தோட்டத்தில் விரிப்பில்லாத மரமேஜையில் உட்கார்ந்தால் சொந்தச் சாப்பாட்டைத் தாராளமாகப் பிரிக்கலாம். விரிப்புப் போட்ட மேஜை என்றால் அது பரிமாறும் பகுதி. அங்கே கடைச் சாப்பாடுதான். இந்தக் கதை தெரியாமல் போகிறவர்கள் ‘வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா?’ என்று தயங்கி நிற்பார்கள்.

1870-களில் கார்ல் லிண்டே என்ற பொறியாளரின் குளிரூட்டும் இயந்திரம் மியூனிக்கின் ஷ்பாடன் ஆலைக்கு வந்தது. அதோடு நிலவறைக்கும் மாதக் கணக்குக்கும் வேலை குறைந்தது. எஞ்சியது மர நிழல்.

அடுத்தது மியூனிக்கின் பீர் விழாவான அக்டோபர்ஃபெஸ்ட். 1810 அக்டோபர் 12 அன்று பவேரிய இளவரசர் லூட்விக்குக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம். அதையொட்டி ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அந்த இடம் இன்றும் மணப்பெண் பெயரில் தெரேசியன்வீசே. அதாவது விழா பீருக்காகத் தொடங்கியதே இல்லை. இப்போது அது செப்டம்பரில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரத்தில் முடிகிறது; பெயரைப் பார்த்து அக்டோபர் நடுவில் போய் இறங்கினால் காலி மைதானம்தான். முதல் நாள் பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் உட்கார இடம் கிடைத்தால்தான் பீர் தருவார்கள். சனிக்கிழமை மாலை போய் இடம் தேடுவதைவிட வேலைநாள் மத்தியானம் போவது புத்திசாலித்தனம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்: பலவித பீர்களை ருசி பார்க்க நினைப்பவருக்கு அக்டோபர்ஃபெஸ்ட் ஏற்ற இடமே இல்லை. மியூனிக் நகர எல்லைக்குள் காய்ச்சும் ஆறு பெரிய ஆலைகளுக்குத்தான் அங்கே இடம். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான, 6 சதவீதத்தை ஒட்டிய பொன்னிற விழா பீர். எல்லாம் ஒரு லிட்டர் குவளை. அங்கே கிடைப்பது பாட்டு, பெஞ்சு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மனிதர். அதற்காகப் போகலாம்.

அமெரிக்காவின் டென்வர் விழா இதற்கு நேர் எதிர். கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் என்ற அது 1982-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான ஆலைகள் வரிசையாகக் கடை போட, கிளாஸில் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 30 மி.லி. மட்டும் ஊற்றுவார்கள். ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் இருந்த ஆலைகள் நூற்றுக்கும் குறைவு; எல்லாம் ஒரே ருசி. 1978-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் சமையலறைகளிலிருந்து ஒரு தலைமுறை கிளம்பியது. பிரிட்டனிலும் இதே கதைதான். பெரிய கம்பெனிகளின் வடிகட்டி வாயு ஏற்றிய பீர் பப்புகளை விழுங்கிக்கொண்டிருந்தபோது, 1971-இல் நான்கு நண்பர்கள் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1977-இல் அவர்களுடைய கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல் லண்டனில் நடந்தது. ருசி பார்க்கும் விழாக்கள், ருசியை இழந்த ஊர்களில் பிறந்தவை. இழக்காத ஊர்களில் இருப்பது திருவிழா. எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பெல்ஜியம் இந்த இரண்டிலும் சேராது. 2016-இல் அந்நாட்டின் பீர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே பீருக்காகப் போகிறவர்கள் முதலில் நிற்பது பிரசெல்ஸின் கான்டியோன் ஆலையில். 1900-இல் தொடங்கிய ஆலை. 1978 முதல் அருங்காட்சியகமும் கூட. லாம்பிக் என்ற பீரை அங்கே காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய சாற்றைக் கூரைக்கடியில் அகலமான தட்டுத் தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் அந்தக் கட்டடத்து மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்கும். குளிர்கால இரவுகளில்தான் இது சரிப்படும். அப்புறம் மரப்பீப்பாயில் மூன்று வருஷம் வரை இருக்கும். ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது மூன்றையும் கலந்து புட்டியில் அடைத்தால் கோஸ். நல்ல புளிப்பு. அங்கே சிலந்தி வலையைத் துடைப்பதில்லை. பழ ஈக்களைப் பிடிக்கச் சிலந்தி வேண்டும். ஊரின் காற்றே பீராகிறது என்பது இங்கே அலங்காரப் பேச்சு இல்லை. புட்டியில் தாங்கும் பீர்களில் இதுவும் ஒன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே நாம் பார்க்கப் போவது பீரை விட அந்தத் தொட்டியையும் பீப்பாய் வாசனையையும்தான்.

பின்லாந்தின் சாஹ்தி, ஜூனிப்பர் கிளைகளின் வழியே வடித்து எடுக்கும் கிராமத்து பீர், சில வாரங்களில் கெட்டுவிடும். பெருவின் கூஸ்கோ பக்கம் மக்காச்சோள பீரான சீச்சா விற்கும் வீட்டு வாசலில் கழி நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும். முதல் துளிகளைப் பூமித்தாய்க்கு ஊற்றிவிட்டுக் குடிப்பார்கள். ஜப்பானில் நம் கிளாஸை நாமே நிரப்பக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கிளாஸைக் கவனிக்க வேண்டும், நம்முடையதை அவர் பார்த்துக்கொள்வார். ஜெர்மனியில் கிளாஸைத் தட்டும்போது கண்ணைப் பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு. ஹங்கேரியில் பலர் பீர் கிளாஸைத் தட்டவே மாட்டார்கள். 1849-இல் ஹங்கேரியத் தளபதிகளைத் தூக்கிலிட்டுவிட்டு ஆஸ்திரியர்கள் பீர் கிளாஸைத் தட்டிக் கொண்டாடினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை.

கணக்கு ஒன்று தெரிந்திருப்பது உயிருக்கு நல்லது. ஒரு லிட்டர் விழா பீரில் சுமார் 60 மி.லி. சாராயம் இருக்கிறது. ஒரு கோல்ஷ் கிளாஸில் பத்து மி.லி.க்கும் கொஞ்சம் கம்மி. ஆக, மியூனிக்கின் ஒரு குவளை கொலோனின் ஆறு கிளாஸுக்குச் சமம். பெல்ஜியத் துறவிகளின் வெஸ்ட்வ்லெட்டரன் 12 பத்து சதவீதத்தையும் தாண்டும். சின்னப் புட்டி என்று இரண்டை அடுத்தடுத்துக் குடித்தால் மியூனிக் குவளையை மிஞ்சிவிடும். செக் நாட்டில் வண்டி ஓட்டுகிறவர் இரத்தத்தில் சாராயம் துளியும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆலைகள் ஊருக்கு வெளியே இருந்தால் ரயிலோ பஸ்ஸோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலிவான பீர் கிடைக்கும் ஊர் என்று பெயர் வாங்கியதால் செக் தலைநகர் பிராகாவின் பழைய நகரம் படாத பாடு படுகிறது. ராத்திரி கும்பல் கும்பலாகக் கடை மாற்றிக் கடை கூட்டிப்போகும் ‘பப் கிரால்’ சுற்றுலாக்களை, இரவு 10 முதல் காலை 6 வரை நடத்தக் கூடாது என்று 2024-இல் நகராட்சி தடை போட்டது. பீர் வெறுப்பால் போட்ட தடை இல்லை இது. அங்கே குடித்தனம் இருப்பவர்கள் தூங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஒரு வாரத்தைப் பவேரியாவின் வடக்கே பிராங்கோனியாவிலும் அதை ஒட்டிய ஓபர்ஃபால்ட்ஸிலும் கழிக்கலாம். பாம்பெர்க் நகரத்தில் ஷ்லென்கெர்லா என்ற பழைய கடையின் பீரில் புகை வாசனை தூக்கலாக இருக்கும். மால்ட்டைப் பீச் மர நெருப்பில் உலர்த்துவதால் வருவது. ஒரு காலத்தில் விறகில் உலர்த்திய எல்லா மால்ட்டிலும் இந்த வாசனை இருந்தது. மற்றவர்கள் விட்டார்கள், இவர்கள் விடவில்லை. முதல் கிளாஸை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பழக மூன்றாவது வரை ஆகும் என்பார்கள்.

ஓபர்ஃபால்ட்ஸில் விண்டிஷெஷன்பாக் போன்ற சில சிற்றூர்களில் ஆலையே ஊர்ப் பொது. உரிமையுள்ள குடும்பங்கள் பொதுக் கொப்பரையில் முறைபோட்டுக் காய்ச்சி, சாற்றைத் தங்கள் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் நொதிக்க வைக்கின்றன. அந்த பீருக்கு சோய்கல் என்று பெயர். எந்த வீடு எந்த வார இறுதியில் திறக்கும் என்று வருஷ ஆரம்பத்திலேயே நாள்காட்டி போட்டுவிடுவார்கள். அந்த முறை வந்ததும் வாசலில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். உள்ளே போனால் தனி மேஜை என்று எதுவும் கிடையாது. நீள பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். அடுத்த மாதம் அதே வாசலில் நட்சத்திரத்தைத் தேடினால் இருக்காது. நாலு வீடு தள்ளி வேறொரு வாசலில் தொங்கும், உள்ளே வேறொரு பீர் இருக்கும்.